வேட்டையா, காவலா: 1917 ஏப்ரலில் பிரிட்டன் முன் இருந்த வழிகள்

1917 ஏப்ரல் 10. அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கி நான்கே நாள் ஆகியிருந்தது. அமெரிக்கக் கடற்படையின் அட்மிரல் வில்லியம் சிம்ஸ் லண்டனில் பிரிட்டிஷ் கடற்படைத் தலைவர் ஜான் ஜெல்லிக்கோவைப் பார்க்கப் போகிறார். சாதாரண உடையில், மாற்றுப் பெயரில், ஒரு பயணிகள் கப்பலில் அட்லாண்டிக்கைக் கடந்து வந்தவர் அவர். லிவர்பூலை நெருங்கும்போது அந்தக் கப்பலும் கண்ணிவெடியில் மோதியிருந்தது. ஜெல்லிக்கோ மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். கடந்த மாதங்களில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்த கப்பல்களின் கணக்கு. பத்திரிகைகளைப் படித்து சிம்ஸ் மனதில் வைத்திருந்ததைவிட மூன்று நான்கு மடங்கு அதிகம்.

இதற்குத் தீர்வே கிடையாதா என்று கேட்டார் சிம்ஸ். இப்போதைக்கு எங்கள் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்றார் ஜெல்லிக்கோ.

அந்த அறையில் நடந்த பேச்சை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். ஏனென்றால் தீர்வு இருந்தது. இரண்டு மாதமாக ஆங்கிலக் கால்வாயில் தினமும் நடந்துகொண்டும் இருந்தது. பிரான்ஸுக்குக் கரி ஏற்றிப்போகும் பழைய கப்பல்கள் கூட்டமாகக் கிளம்பி, நாலைந்து சிறு படகுகளின் காவலில், பத்திரமாகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள ஆளில்லை.

அன்று பிரிட்டன் முன்னால் இருந்தவை முக்கியமாக நான்கு வழிகள். நீர்மூழ்கிகளைத் தேடி அடிப்பது. சரக்குக் கப்பல்களுக்கே பீரங்கி கொடுப்பது. நீர்மூழ்கி வெளியே வரும் வாசலை அடைப்பது. கப்பல்களைக் கூட்டமாகச் சேர்த்துக் காவலுடன் அனுப்புவது, அதாவது கான்வாய். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அதற்கு முன் எந்த அளவுகோலால் அளப்பது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஜெர்மன் கடற்படைத் தலைமையில் இருந்த அட்மிரல் ஹோல்ட்ஸென்டார்ஃப் 1916 டிசம்பர் 22 தேதியிட்ட குறிப்பில் ஒரு கணக்குப் போட்டார்: மாதம் 6 லட்சம் டன் கப்பலை மூழ்கடித்தால் ஐந்தே மாதத்தில் பிரிட்டன் சமாதானத்துக்கு வரும். 1917 ஜனவரி 9 அன்று ப்ளெஸ் கோட்டையில் ஜெர்மன் பேரரசர் கைசர் அதற்குச் சம்மதம் சொன்னார். பிப்ரவரி 1 முதல் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் எந்த நாட்டுக் கப்பலையும் அடிக்கலாம் என்றானது. பிப்ரவரியிலேயே இழப்பு 5 லட்சம் டன்னைத் தாண்டியது. ஏப்ரலில் 8 லட்சத்து 60 ஆயிரம் டன்னுக்கு மேல் போனது. பிரிட்டனிலிருந்து தொலைதூரப் பயணம் கிளம்பும் கப்பல்களில் நான்கில் ஒன்று திரும்பி வரவில்லை.

எதிரி போட்டது டன் கணக்கு. ஆகவே எதிர்க்கணக்கும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்: எத்தனை கப்பல் கரை சேர்ந்தது? எத்தனை நீர்மூழ்கியை ஒழித்தோம் என்பது அதற்கு அடுத்த கேள்வி. பிரிட்டிஷ் கடற்படை இந்த வரிசையை மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவ்வளவு பெரிய அமைப்பு அத்தனை மாதம் திணறியதற்கு இதுதான் வேர் என்பது என் எண்ணம்.

தேடிப்போய் அடிப்பது

கடற்படை வீரனுக்குப் பிடித்த வழி இது. எதிரி எங்கேயோ இருக்கிறான், போய்ப் பிடி. கேட்கும்போதே ரத்தம் சூடாகும். ஆனால் 1916 செப்டம்பரில் ஒரு வாரம் நடந்ததைப் பாருங்கள். ஆங்கிலக் கால்வாயில் பீச்சி ஹெட் முதல் எடிஸ்டோன் வரையிலான பகுதியில் இரண்டு மூன்று நீர்மூழ்கிகள் திரிந்தன. அவற்றைத் தேடி 49 டெஸ்ட்ராயர்கள் (வேகமான சிறு போர்க்கப்பல்கள்), 48 டார்பிடோ படகுகள், 7 மாறுவேடக் கப்பல்கள், 468 ஆயுதம் தாங்கிய துணைப் படகுகள் இறங்கின. மொத்தம் 572. அந்த வாரத்தில் 30 கப்பல்கள் மூழ்கின. நீர்மூழ்கிகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

காரணம் எளிது. தூரத்தில் டெஸ்ட்ராயரின் புகை தெரிந்ததுமே நீர்மூழ்கி அமிழ்ந்துவிடும். டெஸ்ட்ராயர் கடந்து போனதும் மேலே வரும். அன்றைக்குத் தண்ணீருக்கடியில் தேட இருந்த ஒரே கருவி ஹைட்ரோபோன். அதில் காது கொடுத்துக் கேட்க வேண்டுமானால் முதலில் தன் எஞ்சினை நிறுத்த வேண்டும். கேட்டு, திசை புரிந்து, மறுபடி எஞ்சினை ஓட்டினால் எல்லாச் சத்தமும் அதில் மூழ்கிவிடும். அப்படியே கண்டுபிடித்தாலும் அடிக்க என்ன இருந்தது? 1917 தொடக்கத்தில் ஒரு டெஸ்ட்ராயருக்குக் கிடைத்த ஆழ்வெடிகள், அதாவது தண்ணீருக்குள் போய் வெடிக்கும் குண்டுகள், வெறும் நான்கு.

இதன் இன்னொரு வடிவமும் உண்டு. கரையை நெருங்கும் கடற்பாதைகளில் ரோந்து போட்டு, அந்தப் பாதைகள் வழியாக மட்டும் கப்பல்களை வரச்சொல்வது. சாலையில் போலீஸ் நிற்கிறது, அந்த வழியாகவே போங்கள் என்பது போல. நடைமுறையில் என்ன ஆனது என்றால், சரக்குக் கப்பல்கள் எந்த வழியாக வரும் என்பது நீர்மூழ்கிக் கேப்டனுக்கும் தெரிந்துபோனது. ரோந்துப் படகு நகர்ந்ததும் அவர் வேலையைப் பார்த்தார்.

ஆக, இந்த வழி கேட்கும் விலை மிக அதிகம், பலன் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இருந்த கப்பல்களில் பெரும் பங்கை விழுங்கியதும் இதுதான். கான்வாய்க்குக் காவல் கொடுக்கக் கப்பல் இல்லை என்று சொன்ன அதே நாட்களில், நூற்றுக்கணக்கான படகுகள் வெறும் தண்ணீரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன.

சரக்குக் கப்பலுக்கே பீரங்கி

இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. 1916 ஜனவரி முதல் ஓராண்டுக் கணக்கு இது: பீரங்கி இல்லாத 302 கப்பல்கள் தாக்கப்பட்டன, தப்பித்தவை 67. பீரங்கி வைத்திருந்த 310 கப்பல்கள் தாக்கப்பட்டன, தப்பித்தவை 236. இதைப் பார்த்தால் எல்லாக் கப்பலிலும் ஒரு பீரங்கியைப் பொருத்திவிட்டால் முடிந்தது என்று யாருக்கும் தோன்றும்.

ஆனால் இது பழைய ஆட்டத்தின் கணக்கு. அந்த ஆண்டில் நீர்மூழ்கிகள் பெரும்பாலும் மேலே மிதந்துகொண்டு, தங்கள் பீரங்கியால் சுட்டுத்தான் கப்பல்களை மூழ்கடித்தன. டார்பிடோ விலை கூடியது, எண்ணிக்கையில் சில மட்டுமே ஏற்ற முடியும். எதிரில் பீரங்கி இருந்தால் ஒதுங்கிப்போவதில் அர்த்தம் இருந்தது. எச்சரிக்கை இல்லாமல் அடிக்கலாம் என்று உத்தரவு வந்தபின், நீர்மூழ்கி தண்ணீருக்கடியிலிருந்தே டார்பிடோவை விட்டது. பின்தளத்தில் இருக்கும் பீரங்கிக்காரனுக்குக் குறிபார்க்க ஒன்றுமே தெரியாது. சரி, அதில் ஒரு நன்மை: டார்பிடோ சீக்கிரம் தீரும், நீர்மூழ்கி சீக்கிரம் ஊர் திரும்பும். அந்த அளவுக்குப் பீரங்கி தேவைதான். தனியாக நின்று காப்பாற்றும் வழியாக அது 1917 பிப்ரவரியோடு முடிந்துபோனது.

மாறுவேடக் கப்பல்களும் இந்த வகைதான். பார்க்க அழுக்குச் சரக்குக் கப்பல், உள்ளே மறைத்துவைத்த பீரங்கிகள். நீர்மூழ்கி நெருங்கினால் சில மாலுமிகள் பதறியடித்துப் படகில் இறங்கி ஓடுவது போல நடிப்பார்கள். கோர்டன் கேம்ப்பெலின் கப்பல் ஒன்றில், நம்பவைப்பதற்காகக் கூண்டில் ஒரு பொம்மைக் கிளியையும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். 1917 பிப்ரவரியில் இதே கேம்ப்பெல், தன் கப்பலைத் தாக்க வந்த டார்பிடோவை விலக்காமல் வேண்டுமென்றே வாங்கிக்கொண்டு, அருகே வந்த யு-83 நீர்மூழ்கியை மூழ்கடித்தார். அந்தத் துணிச்சலை மனதார வணங்குகிறேன். போர் முழுவதும் இந்த வழியில் கிடைத்த நீர்மூழ்கிகள் சுமார் ஒரு டஜன். ஒரு தடவை ஏமாந்த எதிரி மறுதடவை அருகில் வருவதில்லை.

வாசலை அடைப்பது

வீட்டுக்குள் பாம்பு வந்தபின் அடிப்பதைவிட பொந்தை அடைப்பது மேல். தர்க்கத்தில் தவறே இல்லை. பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் இடையே உள்ள டோவர் ஜலசந்தியில் வலையும் கண்ணிவெடியும் போட்டார்கள். ஆனால் பிரிட்டிஷ் கண்ணிவெடிகள் அப்போது மட்டமானவை, மோதினாலும் பல வெடிக்கவில்லை. ஜெர்மன் வெடியைப் பார்த்துச் செய்த நல்ல வெடி கைக்கு வந்தது 1917இன் பிற்பகுதியில்தான். அதன்பிறகு, இரவில் விளக்குகளைப் போட்டு நீர்மூழ்கிகளைக் கண்ணிவெடிகள் இருந்த ஆழத்துக்குத் தள்ளியபோது, டோவர் உண்மையிலேயே மரணவாசல் ஆனது. 1918இல் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி முதல் நார்வே வரை 70,000 கண்ணிவெடிகளை விதைத்தார்கள். பெரும்பாலும் அமெரிக்கா கொடுத்த உழைப்பு. அதில் சிக்கிய நீர்மூழ்கிகள் ஐந்தாறு.

இந்த வழியின் குறை நேரம். 1917 ஏப்ரலில் நாட்டில் ஆறு வாரத்துக்குத்தான் கோதுமை இருப்பு என்று பேச்சு. பலன் தர ஓராண்டு கேட்கும் திட்டத்தை வைத்துக்கொண்டு அந்த ஆறு வாரத்தை ஓட்ட முடியாது. பெல்ஜியத் துறைமுகங்களைத் தரைப்படை பிடித்துக் கொடுத்தால் நீர்மூழ்கித் தொல்லை குறையும் என்று ஜெல்லிக்கோ ஜூன் மாதம் வாதிட்டார். பெல்ஜியத்தின் பாஷன்டேல் சேற்றில் அந்தப் படையெடுப்பு துறைமுகங்களை எட்டாமலே முடிந்தது உலகறிந்தது.

கூட்டமாக அனுப்புவது

இங்கேதான் நின்று பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எதிர்ப்பு அத்தனையும் இதற்குத்தான் வந்தது. எதிர்த்தவர்கள் முட்டாள்களும் இல்லை. 1917 ஜனவரியில் கடற்படைத் தலைமையகம் வெளியிட்ட ஒரு குறிப்பு, கான்வாயில் கப்பல் எண்ணிக்கை கூடக் கூட நீர்மூழ்கி வெற்றிகரமாகத் தாக்கும் வாய்ப்பும் கூடும் என்று அடித்துச் சொன்னது. எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்காதே என்ற வாதம். கேட்டால் நியாயமாகப் படும்.

பிப்ரவரி 23 அன்று பத்து சரக்குக் கப்பல் கேப்டன்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எங்களால் வரிசை காக்க முடியாது, தனியாகப் போவதே மேல் என்றார்கள். அவர்கள் நிலையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். நல்ல அதிகாரிகள் பலர் கடற்படைக்குப் போய்விட்டார்கள். எஞ்சின் பழசு. மேல்தளத்திலிருந்து எஞ்சின் அறைக்கு இரண்டு சுற்று கூட்டு, மூன்று சுற்று குறை என்று நுணுக்கமாகக் கட்டளை அனுப்ப வழியில்லை. கீழே கரி தள்ளுபவர்கள், பல கப்பல்களில் லஸ்கர்கள் எனப்பட்ட நம் நாட்டுக் கப்பல் தொழிலாளர்கள், கொதிகலன் முன்னால் வியர்வையில் நிற்கிறார்கள். கரியின் தரம் மாறினாலே வேகம் மாறும். இந்த நிலையில் இருட்டில், விளக்கு எதுவும் போடாமல், முன்னால் போகும் கப்பலின் பின்புறத்திலிருந்து சில நூறு கஜ தூரத்தில் இரவு முழுக்கப் போகச் சொன்னால் யாருக்கும் பயம் வரும். அந்த லஸ்கர்களில் 896 பேருக்குக் கொல்கத்தாவில் ஒரு நினைவுச்சின்னம் நிற்கிறது. டார்பிடோ வந்தால் எஞ்சின் அறையில் இருப்பவன் மேலேறி வருவது அபூர்வம்.

அப்புறம் எண்ணிக்கை. இதுதான் என்னை அதிகம் உறுத்துவது. பிரிட்டிஷ் துறைமுகங்களுக்கு வாரம் 2,500 கப்பல்கள் வருகின்றன, 2,500 கப்பல்கள் போகின்றன என்று தலைமையகம் வெளியிட்டு வந்தது. நீர்மூழ்கிகளால் ஒன்றும் ஆகவில்லை என்று நடுநிலை நாடுகளுக்குக் காட்டுவதற்கான கணக்கு அது. அதில் 100 டன்னுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கரையோரப் படகும், ஒரே படகு ஒரே வாரத்தில் பலமுறை போய்வந்ததும் சேர்ந்திருந்தது. ஊருக்குச் சொன்ன அந்தக் கணக்கைத் தாங்களே நம்பிவிட்டார்கள். வாரம் 5,000 பயணத்துக்குக் காவல் கொடுக்க உலகத்து டெஸ்ட்ராயர்கள் அத்தனையும் போதாது, ஆகவே கான்வாய் நடக்காத காரியம் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

ரெஜினால்ட் ஹென்டர்சன் என்ற கமாண்டர், கரிக் கப்பல்களின் கான்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கப்பல் துறை அமைச்சகத்தில் இருந்த நார்மன் லெஸ்லியிடம் உட்கார்ந்து சரியான கணக்கை எடுத்தார். கடல் கடந்து வரும் பெரிய கப்பல்கள் வாரத்துக்கு 120 முதல் 140. அதாவது நாளுக்கு இருபது. அவ்வளவுதான். நாடு பட்டினிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதையும், காப்பாற்றுவது எவ்வளவு சாத்தியம் என்பதையும் அந்த ஒரே எண் ஒன்றாகக் காட்டிவிட்டது.

மேலும் அந்த இருபது கப்பலுக்கும் பயணம் முழுக்க டெஸ்ட்ராயர் காவல் தேவையில்லை. அன்றைய நீர்மூழ்கிகள் வேட்டையாடியது பெரும்பாலும் கரையிலிருந்து முந்நூறு நானூறு மைலுக்குள். நடுக்கடலில் ஒரு பழைய குரூஸர், அதாவது டெஸ்ட்ராயரைவிடப் பெரிய போர்க்கப்பல், கூடப் போனால் போதும். ஆபத்தான எல்லையில் டெஸ்ட்ராயர்கள் வந்து கைமாற்றிக்கொள்ளலாம்.

இப்போது அந்த முட்டைக் கூடைக்கு வருவோம். கடல் எவ்வளவு பெரியது என்பதை மறந்தவர்கள்தான் அந்த வாதத்தைச் சொல்ல முடியும். தனிக் கப்பல் ஒன்றைச் சுமார் பத்து மைல் தூரத்திலிருந்து பார்க்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது கப்பல் கொண்ட கூட்டம் இரண்டு மைல் அகலம் இருக்கும். அதன் நடுவிலிருந்து கணக்கிட்டால் பதினொரு மைல் தூரத்திலிருந்து தெரியும். பத்துக்கும் பதினொன்றுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? ஆனால் கடலில் இருபது இடத்தில் தெரிந்த இலக்கு இப்போது ஒரே இடத்தில். காத்துக்கிடக்கும் நீர்மூழ்கிக்கு முன்னால் இருபது தடவை கப்பல் வந்திருக்க வேண்டும், இப்போது ஒரு தடவை வந்தால் உண்டு. மற்ற நேரமெல்லாம் வெறும் கடல்.

இதற்கு நம் பக்கத்துக் கடலிலேயே ஒரு சாட்சி உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த எம்டன், ‘எம்டன் ஆளு’ என்று இன்றும் நாம் சொல்லும் அதே எம்டன், நீர்மூழ்கி இல்லை, மேலே ஓடும் குரூஸர்தான். ஆனால் தனிக் கப்பல்களை வேட்டையாடும் விதம் ஒன்றே. பல வாரம் நேச நாட்டுப் போர்க்கப்பல்கள் இந்தியப் பெருங்கடல் முழுக்க அதைத் தேடின, கிடைக்கவில்லை. நவம்பரில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைவீரர்களை ஏற்றிய முப்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் ஒரே கான்வாயாகக் கோகோஸ் தீவுகளை ஒட்டிப் போயின. எம்டன் அப்போது சுமார் ஐம்பது மைல் தூரத்தில்தான் இருந்தது. அத்தனை பெரிய கூட்டம் கடந்து போவது அதற்குத் தெரியவே இல்லை. நவம்பர் 9 காலை தீவின் கம்பியில்லாத் தந்தி நிலையத்திலிருந்து அபயக்குரல் வந்ததும், கான்வாயின் காவலில் இருந்த ‘சிட்னி’ பிரிந்து போய் எம்டனை முடித்தது. தேடிப்போனவர்களுக்குக் கிடைக்காதது காவல் போனவனிடம் மாட்டியது.

இன்னும் ஒன்று. படைவீரர்களைக் கடற்படை எப்போதும் கான்வாயில்தான் அனுப்பியது. தன் போர்க்கப்பல்கள் வெளியே போகும்போதும் சுற்றிலும் டெஸ்ட்ராயர் வளையம் வைத்துக்கொண்டது. ரொட்டிக்கான கோதுமை ஏற்றிவரும் கப்பலுக்கு மட்டும் அது பொருந்தாது என்று சொன்னதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

பலன்? பிரான்ஸ் கரிக் கப்பல்களில் ஏப்ரல் முடிவதற்குள் 2,600க்கு மேல் கான்வாயில் போயிருந்தன. இழப்பு 5. அதே கால்வாய், அதே நீர்மூழ்கிகள், அதே மாதங்கள். பக்கத்திலேயே ஹாலந்துக்குப் போகும் கப்பல்களும் 1916 ஜூலையிலிருந்து இதே முறையில் ஓடிக்கொண்டிருந்தன.

முடிவும் அதன் பின்னும்

அமைச்சரவைச் செயலாளர் மாரிஸ் ஹேங்கி பிப்ரவரியிலேயே கான்வாயை ஆதரித்து நீண்ட குறிப்பு எழுதியிருந்தார். 13ஆம் தேதி பிரதமர் லாய்ட் ஜார்ஜ் வீட்டுக் காலை உணவு மேசையில் அதைப் பற்றி ஜெல்லிக்கோவிடம் பேசினார்கள். இரண்டரை மாதம் அப்படியே கிடந்தது. அந்த இரண்டரை மாதத்தில் போன கப்பல்களையும் ஆட்களையும் நினைத்தால் தாங்கவில்லை. ஏப்ரல் 26 அன்று நீர்மூழ்கி எதிர்ப்புப் பிரிவின் தலைவர் அலெக்ஸாண்டர் டஃப் கான்வாய் வேண்டும் என்று எழுதினார், மறுநாள் ஜெல்லிக்கோ ஒப்புதல் கொடுத்தார். 30ஆம் தேதி பிரதமரே தலைமையகத்துக்கு வருவதாக இருந்தது. அந்த வருகைதான் காரணமா, கணக்குகள் தாமாகவே மனதை மாற்றினவா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். அமெரிக்கா உள்ளே வந்ததும் ஒரு காரணம். மே 4 அன்று அயர்லாந்தின் குயின்ஸ்டவுன் துறைமுகத்தில் முதல் ஆறு அமெரிக்க டெஸ்ட்ராயர்கள் வந்து நின்றன. டெஸ்ட்ராயர் பற்றாக்குறை உண்மையான கவலை என்பதை ஜெல்லிக்கோவுக்காக இங்கே சொல்லியாக வேண்டும்.

மே 10 அன்று ஜிப்ரால்டரிலிருந்து சோதனைக் கான்வாய் கிளம்பியது. மெதுவான கப்பல்கள், மணிக்கு ஆறரை கடல்மைல் வேகம். வரிசைகளை அகலமாகவும் ஆழம் குறைவாகவும் வைத்தார்கள். டார்பிடோ பக்கவாட்டிலிருந்து வரும் என்பதால் அந்தப் பக்கம் கொடுக்கும் இலக்கு சின்னதாக இருக்க வேண்டும். மூடுபனி வந்தால் ஒவ்வொரு கப்பலும் பின்னால் ஒரு மிதவையைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு போகும். அது தண்ணீரைக் கிழித்து மேலே பீய்ச்சும். பின்னால் வருபவன் முன்னால் இருக்கும் கப்பலைப் பார்க்க முடியாவிட்டாலும் அந்த வெள்ளைத் தண்ணீரைத் தன் முகப்பருகே வைத்துக்கொண்டு ஓட்டினால் போதும். முடியாது என்று சொன்ன கேப்டன்கள் சில நாளில் பழகிக்கொண்டார்கள். மே 20 அன்று எல்லாக் கப்பலும் பத்திரமாக வந்தன.

மே 24 அன்று அமெரிக்காவின் ஹாம்ப்டன் ரோட்ஸிலிருந்து 12 கப்பல்கள் கிளம்பின. இரண்டு கப்பல்கள் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கின. அதில் ஒன்றை டார்பிடோ அடித்தது. கூட்டத்தோடு இருந்த பத்தும் கரை சேர்ந்தன.

துறைமுகம் நெரிசலாகும் என்ற பயமும் பொய்த்தது. முன்பு நீர்மூழ்கி நடமாட்டம் என்று தகவல் வந்தாலே கப்பல்களை நாள்கணக்கில் துறைமுகத்தில் நிறுத்திவைத்தார்கள். இப்போது அந்தத் தாமதம் போனது. எதிரியின் வானொலிச் செய்திகளைத் தலைமையகத்தின் அறை எண் 40இல் உடைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் தனித்தனியாகப் போகும் கப்பல்களுக்கு, அதிலும் வானொலி இல்லாத பலவற்றுக்கு, அந்தத் தகவலைச் சொல்ல வழியில்லாமல் இருந்தது. கான்வாய்க்கு ஒரே ஒரு செய்தி அனுப்பினால் இருபது கப்பலும் ஒன்றாகத் திரும்பும்.

இழப்பு ஒரே நாளில் சரியவில்லை. ஆகஸ்ட் வரை வருகிற கப்பல்களுக்கே கான்வாய் இருந்ததால் நீர்மூழ்கிகள் போகிற கப்பல்கள் பக்கம் திரும்பின. அதற்கும் கான்வாய் வந்தபின் கரையோரத்துக்கு ஒதுங்கின. செப்டம்பரில் இழப்பு மூன்றரை லட்சம் டன் அளவுக்கு இறங்கியது, நவம்பரில் 3 லட்சத்துக்கும் கீழே போனது. போர் முடியும்வரை கடல் கடந்த கான்வாய்களில் 16,000க்கு மேற்பட்ட கப்பல்கள் போயின, இழந்தவை சுமார் நூறு. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

என்னைக் கேட்டால், அன்று எடுத்திருக்க வேண்டிய முடிவு கான்வாய் மட்டும் என்று ஒற்றை வரியில் சொல்ல மாட்டேன். பீரங்கியை அப்படியே வைத்திருப்பேன், நீர்மூழ்கியைத் தண்ணீருக்கடியில் தள்ளும் என்பதால். அமிழ்ந்த நீர்மூழ்கிக்கு வேகம் பாதியாகிவிடும், கூட்டத்தை எட்டிப் பிடிப்பது கடினம். டோவர் வாசலில் நல்ல வெடி கிடைத்ததும் அதையும் போடுவேன். வேட்டைப் படைகளை மட்டும் முழுக்கக் கலைத்துக் காவலுக்கு அனுப்புவேன். காவலும் ஒருவகை வேட்டைதான். தாக்க வேண்டுமானால் நீர்மூழ்கி கான்வாய் இருக்கும் இடத்துக்கே வந்தாக வேண்டும், அங்கே டெஸ்ட்ராயர் காத்திருக்கிறது. டார்பிடோவின் தடம் தண்ணீரில் வெள்ளைக் கோடாகத் தெரியும், அதன் தொடக்கத்தில் ஆழ்வெடி போட்டால் போதும். தேட வேண்டியதே இல்லை.

கூட்டம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற கேள்விக்கு 1943இல்தான் இயற்பியலாளர் பிளாக்கெட்டின் குழு கணக்குப் போட்டுப் பதில் சொன்னது. 40 கப்பலை 80 ஆக்கினால், காவல் காக்க வேண்டிய சுற்றளவு கூடுவது ஏழில் ஒரு பங்குதான். உள்ளே நுழையும் நீர்மூழ்கி அடிக்கும் கப்பல் எண்ணிக்கையோ கூட்டத்தின் அளவைப் பொறுத்ததில்லை. பெரிய கூட்டமே பாதுகாப்பானது. 1917 ஜனவரிக் குறிப்பு சொன்னதற்கு நேர் எதிர்.

அதே கேள்வி, மறுபடியும்

1918 அக்டோபர் 4 அன்று மால்டா பக்கம் ஒரு கான்வாயைத் தாக்கிய யூபி-68 என்ற நீர்மூழ்கி, ஒரு கப்பலை மூழ்கடித்தபின் கட்டுப்பாடு இழந்து ஆழத்துக்குப் பாய்ந்தது. கேப்டன் காற்றுத் தொட்டிகளைத் திறந்து மேலே கொண்டுவந்தார். விடிந்திருந்தது, சுற்றிலும் கான்வாய், காவல் கப்பல்கள் சுட்டன. கேப்டன் சிறைப்பட்டார். கான்வாய் வந்தபின் கடல் எப்படி வெறுமையாகிப் போனது, நாள்கணக்கில் ஒன்றுமே கண்ணில் படாமல் திடீரென ஐம்பது கப்பல் எப்படி முன்னால் எழுந்து நின்றது என்று பின்னாளில் எழுதியவர் அவர். பெயர் கார்ல் டோனிட்ஸ்.

1942 ஜனவரியில் அவர் ஜெர்மன் நீர்மூழ்கிப் படையின் தலைவர். அமெரிக்கக் கிழக்குக் கடற்கரைக்கு முதலில் அனுப்பியது வெறும் ஐந்து நீர்மூழ்கிகள். அங்கே கப்பல்கள் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தன. ஊர் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, அந்த வெளிச்சத்தில் எண்ணெய்க் கப்பல்களின் நிழலுருவம் அச்சடித்தது போலத் தெரிந்தது. டெஸ்ட்ராயர்கள் ரோந்து சுற்றின, நேரம் தவறாமல் ஒரே பாதையில். காவல் போதாத கான்வாய் கான்வாய் இல்லாததைவிட மோசம் என்பது அமெரிக்கக் கடற்படைத் தலைவர் எர்னஸ்ட் கிங்கின் தரப்பு. 1917இல் கான்வாய்க்காக லண்டனில் வாதாடிய சிம்ஸின் கடற்படைதான் அது. இருபத்தைந்து ஆண்டில் அந்தப் பாடம் எங்கே போனது என்று எனக்குப் புரியவில்லை. காவல் குறைவாக இருந்தாலும் கூட்டமே மேல் என்பதற்கு அந்த ஐந்து மாதத்தில் எரிந்த எண்ணெய்க் கப்பல்களே சாட்சி.

மே நடுவில் ஹாம்ப்டன் ரோட்ஸுக்கும் கீ வெஸ்ட்டுக்கும் இடையே கான்வாய்கள் ஓடத் தொடங்கின. 1917இல் முதல் அட்லாண்டிக் கான்வாய் கிளம்பிய அதே ஹாம்ப்டன் ரோட்ஸ். நீர்மூழ்கிகள் முதலில் மெக்சிகோ வளைகுடாவுக்கும் கரீபியனுக்கும் நகர்ந்தன. ஜூலை 19 அன்று அமெரிக்கக் கரையோரம் மிச்சமிருந்த கடைசி இரண்டு நீர்மூழ்கிகளையும் டோனிட்ஸ் திரும்பி வரச் சொன்னார்.